ஒரு மீட்டர் கண்ணாடிக்கு இத்தனை தயக்கமா?

2025 செப்டம்பர் 28ஆம் தேதி அஸ்ட்ரோசாட் விண்ணில் பத்து ஆண்டுகளை நிறைவு செய்தது. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 சுமந்து சென்ற, ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுள்ள அந்த விண்கலம்தான் பல அலைநீளங்களில் வானத்தைப் பார்ப்பதற்கென்றே இந்தியா அனுப்பிய முதல் ஆய்வகம். ஐந்து ஆண்டு உழைத்தால் போதும் என்று கட்டினார்கள். இரண்டு மடங்கு உழைத்துவிட்டது. மறுநாள் செய்தித்தாளில் அதைத் தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

நமக்கு ராக்கெட் பிடிக்கும். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி இறங்குவதும், நெருப்பும் புகையும், கட்டுப்பாட்டு அறையில் கட்டித் தழுவுவதும் பிடிக்கும். ஆனால் ராக்கெட்டின் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அது சுமந்து சென்ற தொலைநோக்கியின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதைப் பார்க்க யாரும் தொலைக்காட்சி முன் உட்காருவதில்லை. இந்த அலட்சியம் வெறும் ஊடகக் குறை என்றால் விட்டுவிடலாம். அடுத்த தொலைநோக்கியை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்திலும் அதே அலட்சியம் இருக்கிறதோ என்ற சந்தேகத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆலங்காயம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூர் வானாய்வகம் எங்களுக்குப் பக்கத்து ஊர். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “மலைமேல வச்சா நட்சத்திரம் கிட்ட வந்துடுமா சார்?” காவலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் நாலேகால் ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால் 40 லட்சம் கோடி. அதில் 700 மீட்டர் குறைந்தால் என்ன, அஸ்ட்ரோசாட் சுற்றும் 650 கிலோமீட்டர் குறைந்தால் என்ன? தூரத்தைக் குறைக்க யாரும் தொலைநோக்கியை மேலே அனுப்புவதில்லை. காற்றைத் தாண்டத்தான் அனுப்புகிறார்கள்.

காற்று செய்யும் தொந்தரவு எல்லோரும் கண்ணால் பார்ப்பதுதான். விண்மீன் மினுக்குகிறதே, அது விண்மீனின் வேலை இல்லை. சூடும் குளிருமாகப் புரளும் காற்றடுக்குகள் வழியே வரும்போது ஒளி தடுமாறுகிறது. குழந்தைப் பாட்டில் அது அழகு. தொலைநோக்கியில் அது கலங்கல். ஆனால் இந்தக் கலங்கலை மட்டும் காரணம் காட்டி விண்வெளித் தொலைநோக்கி கேட்டால் இன்று பாதி வாதம் எடுபடாது. காற்றின் தடுமாற்றத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, அதற்கேற்பக் கண்ணாடியை வளைத்து நெளித்து, படத்தைச் சரிசெய்யும் நுட்பம் தரையிலேயே வந்துவிட்டது. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கிகளின் 10 மீட்டர் கண்ணாடிகள் அகச்சிவப்பு ஒளியில் அந்த வித்தையைக் காட்டுகின்றன. சிலியில் 39 மீட்டர் கண்ணாடியுடன் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. கூர்மைக்காக மட்டும் மேலே போக வேண்டும் என்ற கட்டாயம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. விண்வெளித் தொலைநோக்கியின் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்வது நல்லது.

குறையாத கட்டாயம் ஒன்று உண்டு: தரைக்கு வரவே வராத ஒளி. புற ஊதாக் கதிர்களில் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவற்றை ஓசோன் விழுங்கிவிடுகிறது. நம் தோலுக்கு அது பெரிய உபகாரம். வானியலுக்கோ அது மூடிய கதவு. எந்த மலையும் உதவாது. லடாக்கில் ஹான்லே வானாய்வகம் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசோனின் பெரும்பகுதி 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவியிருக்கிறது. எவ்வளவு பெரிய கண்ணாடியைத் தரையில் வைத்தாலும், எத்தனை ஆயிரம் கோடி கொட்டினாலும், அந்த ஒளி அதன்மேல் விழப்போவதில்லை. அப்படியிருக்க, வளிமண்டலத்துக்கு மேலே நிற்கும் ஒரு சாண் கண்ணாடிகூடத் தரையில் உள்ள ராட்சதக் கண்ணாடியால் முடியாததைச் செய்யும். சிறிய நாடும், சிக்கனமான நாடும் உலகத்தரமாக ஏதாவது செய்ய முடிகிற இடம் இது.

அந்த ஒளியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் மலையின் கதை ஒன்றையே சொல்வேன்.

1972இல் காவலூருக்குக் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்திலிருந்து ஒரு மீட்டர் ஸைஸ் தொலைநோக்கி வந்தது. வானியலாளர் வைனு பாப்பு கொண்டுவந்தது. வந்த ஆண்டே, வியாழனின் நிலாவான கானிமீட் ஒரு விண்மீனை மறைக்கும் அபூர்வ நிகழ்வை அதில் பார்த்தார்கள். இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் பார்த்தார்கள். விண்மீனின் ஒளி சட்டென அணையாமல் மங்கிய விதத்தை வைத்து, கானிமீடுக்கு வளிமண்டலம் இருக்கலாம் என்ற முடிவு வந்தது. காவலூர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் செய்தி. கதை அங்கே முடியவில்லை. 1979இல் வியாழனைக் கடந்த வாயேஜர் 1, தன் புற ஊதாக் கருவியால் அதே சோதனையைச் செய்தது. காவலூரும் லெம்பாங்கும் கணித்த அளவுக்குக் காற்று அங்கே இல்லை என்று சொன்னது. பிறகு 1990களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி தன் புற ஊதாக் கண்ணால் கானிமீடைப் பார்த்தது. ஆக்சிஜன் ஒளிர்வது தெரிந்தது. வளிமண்டலம் உண்டு, ஆனால் மிக மிக மெல்லியது. ஒரு மலைக்கிராமத்திலிருந்து எழுப்பிய கேள்விக்கு, அந்த மலையிலிருந்து ஒருபோதும் பார்க்க முடியாத நிறத்தில் விடை இருந்தது. காவலூரின் பெருமையை இது குறைக்கிறது என்று நினைப்பவர்கள் அறிவியல் எப்படி நடக்கிறது என்பதைக் கவனிக்காதவர்கள்.

வானத்தின் சூடான விஷயங்கள் எல்லாம் புற ஊதாவில்தான் பளிச்சென்று பேசும். புதிதாகப் பிறந்த பெரிய விண்மீன்கள், செத்துச் சுருங்கிய வெண்குள்ளன்கள், கருந்துளையைச் சுற்றிச் சுழன்று கொதிக்கும் வாயு, விண்மீன் மண்டலங்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் அடர்த்தி குறைந்த வாயு, இவையெல்லாம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், எல்லாவற்றுக்கும் மேலாக ஹைட்ரஜன் ஆகியவற்றின் முக்கியமான கையெழுத்துகள் அங்கேதான் விழுந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை ஆராய்வது சாத்தியம்தான். ஆனால் பெரும்பாலும் ஊகம்.

இது புதிய ஞானோதயமும் அல்ல. அமெரிக்க வானியலாளர் லைமன் ஸ்பிட்ஸர் 1946இலேயே, அதாவது ஸ்புட்னிக் பறப்பதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, காற்றுக்கு மேலே தொலைநோக்கி வைத்தால் என்னென்ன கிடைக்கும் என்று ஓர் அறிக்கை எழுதிவிட்டார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் இறுதியில் போடும் கணக்கு. தெரிந்த கேள்விகளுக்கு விடை கிடைப்பது இரண்டாம்பட்சம், இதுவரை யாரும் கற்பனை செய்யாத நிகழ்வுகள் வெளிப்படுவதுதான் பெரிய பலன் என்கிறார். அதிலிருந்து ஹப்பிள் பறக்க 44 ஆண்டு ஆனது. 1990 ஏப்ரலில் பறந்ததும் தெரிந்தது, 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டார்கள் என்று. பிழையின் அளவு 2.2 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் சுமார் 450இல் ஒரு பங்கு. உலகம் சிரித்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள். அடுத்த இரண்டு ஆண்டில், ஹப்பிளின் ஆய்வுகளை நடத்தும் நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய நேரத்தில் பத்து நாளை எடுத்து, ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்த வானத்தின் ஒரு துளி இடத்தை மட்டும் வெறித்துப் பார்க்க வைத்தார். வீண் வேலை என்று பெரியவர்களே சொன்னார்கள். கிடைத்த படத்தில் ஏறக்குறைய 3,000 விண்மீன் மண்டலங்கள். ஸ்பிட்ஸர் சொன்னது பலித்தது.

இனி அஸ்ட்ரோசாட்டுக்கு வருகிறேன். அதில் ஐந்து கருவிகள். நான்கு எக்ஸ் கதிர்களைப் பார்ப்பவை, ஐந்தாவதுதான் யு.வி.ஐ.டி. எனப்படும் புற ஊதாத் தொலைநோக்கி. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையில் கட்டப்பட்டது. காவலூரை நடத்துவதும் அதே நிறுவனம்தான். கனடாவும் கைகொடுத்தது. உள்ளே சுமார் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரட்டைத் தொலைநோக்கிகள். 38 சென்டிமீட்டர் என்ற எண்ணைக் கேட்டதும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நெருக்கமாக இருக்கும்: 1968இல் காவலூரில் முதன்முதலாக வேலையைத் தொடங்கிய தொலைநோக்கியும் 38 சென்டிமீட்டர்தான், நம் ஆட்களே செய்தது.

இந்தக் கருவியை மேலே அனுப்பிய பிறகு உடனே கண்ணைத் திறக்கவில்லை. சுமார் இரண்டு மாதம் மூடியே வைத்திருந்தார்கள். விண்கலத்தின் பாகங்களிலிருந்து கசியும் வாயுக்கள் முழுக்க வெளியேறட்டும் என்று. கண்ணாடியின்மேல் சில மூலக்கூறு கனத்துக்கு மாசு படிந்தாலும் புற ஊதா ஒளி செத்துவிடும். ஒரு துளி எண்ணெய், ஒரு விரல் ரேகை போதும், பத்து வருஷ உழைப்பு காலி. ராக்கெட் கிளம்பும் நாளின் நெஞ்சடிப்பைவிட இந்த இரண்டு மாதக் காத்திருப்பு எனக்குப் பெரிய நாடகமாகப் படுகிறது. நவம்பர் கடைசியில் திறந்தபோது முதலில் பார்த்தது என்.ஜி.சி. 188 என்ற பழைய விண்மீன் கூட்டத்தை.

அந்தக் கூட்டத்தில் எல்லா விண்மீன்களும் ஒரே காலத்தில் பிறந்தவை. வயதானால் சிவக்க வேண்டும். சில மட்டும் நீலமாக, இளமையாக நிற்கின்றன. ஏன்? யு.வி.ஐ.டி.யின் படத்தில் அப்படி ஒரு நீல விண்மீன் இருக்க வேண்டியதைவிட அதிகமாகப் புற ஊதாவில் ஒளிர்ந்தது. பிரித்துப் பார்த்ததில், அதன் பக்கத்திலேயே சூடான துணை ஒன்று ஒட்டியிருப்பது தெரிந்தது. அந்தத் துணை தன் வாழ்நாள் முடிவில் தன் வாயுவையெல்லாம் இதற்குக் கொட்டிவிட்டுச் சுருங்கிவிட்டது. வாங்கிக்கொண்டது இளமை பெற்றுவிட்டது. அன்னபூரணி சுப்ரமணியமும் உடன் பணிபுரிந்தவர்களும் 2016இல் இதை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்தத் துணை நீல விண்மீனின் பிரகாசத்தில் மறைந்துவிடும்.

அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. 2016 அக்டோபரில், ஹப்பிள் பல ஆண்டுகளாகக் கூர்ந்து பார்த்துவந்த அதே வானத்துண்டை யு.வி.ஐ.டி. 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்தது. புனேயில் உள்ள அயூகா நிறுவனத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு அந்தத் தரவை அலசி எடுக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது. 930 கோடி ஒளி ஆண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து, ஹைட்ரஜன் அணுவை உடைக்கும் ஆற்றலுள்ள புற ஊதா ஒளி தப்பித்து வெளியே வருவதைக் கண்டார்கள். 2020இல் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்தது. இதன் மதிப்பு என்ன? பிரபஞ்சத்தின் இளம் பருவத்தில் எங்கும் நிறைந்திருந்த ஹைட்ரஜனை எந்த ஒளி உடைத்துத் தெளிய வைத்தது என்பது அண்டவியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. அந்த வகை ஒளி பிறந்த மண்டலத்துக்குள்ளேயே விழுங்கப்பட்டுவிடுவதால் வெளியே வருவதைப் பிடிப்பது மிகக் கடினம்.

38 சென்டிமீட்டர் கண்ணாடி, 2.4 மீட்டர் ஹப்பிளுக்குச் சிக்காததை எப்படிப் பிடித்தது? அதிர்ஷ்டம் இல்லை. யு.வி.ஐ.டி.யின் உணரி வந்து விழும் ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. ஹப்பிளின் உணரியில் அந்த இரைச்சலே இந்த மெல்லிய ஒளியை மூழ்கடித்துவிடும். அத்துடன் ஹப்பிளின் முக்கியப் புற ஊதா கேமரா நிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வானத்தைத்தான் ஒரு தடவைக்குப் பார்க்கிறது, யு.வி.ஐ.டி.யோ ஏறத்தாழ முழு நிலா அகலத்தைப் பார்க்கிறது. அமெரிக்காவின் கேலெக்ஸ் விண்கலம் 2003 முதல் பத்து ஆண்டு புற ஊதாவில் வானத்தைப் படமெடுத்தது. அதைவிட நம்முடையது மூன்று மடங்கு கூர்மை. மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த பத்து ரூபாய் நாணயம் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அந்த அளவு நுணுக்கம். மற்ற கருவிகளும் சளைத்தவை அல்ல. எக்ஸ் கதிர்க் கருவிகளில் ஒன்று 500க்கும் மேற்பட்ட காமா கதிர் வெடிப்புகளைப் பதிவுசெய்திருக்கிறது.

இதற்கெல்லாம் செலவு? சுமார் 178 கோடி ரூபாய் என்று அப்போது சொன்னார்கள். நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஒன்றரை ரூபாய்கூட வராது, அதுவும் பத்து ஆண்டுக்கு ஒரு முறை.

பழுதும் வந்தது. 2018இல் யு.வி.ஐ.டி.யின் மூன்று அலைவரிசைகளில் ஒன்று, அண்மைப் புற ஊதா, செயலிழந்தது. ஹப்பிளுக்குப் போல ஆள் அனுப்பித் திருத்த வழியில்லை. மிச்சத்தை வைத்து ஓட்டுகிறார்கள். ஐந்து ஆண்டுக்கென்று கட்டிய கலம் பதினோராம் ஆண்டிலும் ஓடுவது சாமர்த்தியம். அதை நம்பி இன்னும் பத்து ஆண்டு உட்கார்ந்திருப்பது சாமர்த்தியம் இல்லை.

அடுத்தது என்ன என்பதற்கு விடை காகிதத்தில் தயாராகத்தான் இருக்கிறது. இன்சிஸ்ட் என்று பெயர். ஒரு மீட்டர் கண்ணாடி. புற ஊதாவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் படம் எடுக்கும். கூடவே ஒரே நேரத்தில் பல விண்மீன்களின் நிறமாலையைப் பதிவுசெய்யும். யு.வி.ஐ.டி.க்குப் படம் எடுப்பதுதான் முதன்மை வேலை, நிறமாலை பிரிக்கும் திறன் மிகச் சிறிது. ஆனால் ஒரு பொருள் எதனால் ஆனது, எவ்வளவு சூடு, எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் நிறமாலையில்தான் தெரியும். கூர்மையில் ஹப்பிளை நெருங்கவும், பார்வை அகலத்தில் ஹப்பிளை மிஞ்சவும் இதை வடிவமைக்கிறார்கள். தொடக்கநிலை ஆய்வுக்கு இஸ்ரோவின் நிதியும் கிடைத்தது. அதற்குப் பிறகு முழுத் திட்டத்துக்கான ஒப்புதல் அறிவிப்பை நான் எங்கும் பார்க்கவில்லை.

காவலூரில் 38 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குப் போக 1968 முதல் 1972 வரை நான்கு ஆண்டுதான் ஆனது. கையில் அந்நியச் செலாவணி இல்லாத, ரேஷனில் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. விண்வெளியில் அதே 38லிருந்து அதே ஒரு மீட்டருக்குப் போகப் பத்து ஆண்டு கழித்தும் முடிவே எடுக்கவில்லை.

அவசரம் என்ன என்பார்கள். ஹப்பிளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 2024 ஜூனிலிருந்து ஒரே ஒரு சுழல்காட்டியை நம்பி வேலை பார்க்கிறது. அதைப் பழுதுபார்க்கப் போன ஷட்டில்கள் 2011இலேயே ஓய்வு பெற்றுவிட்டன. அதன் சுற்றுப்பாதை மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. ‘அதான் ஜேம்ஸ் வெப் வந்துவிட்டதே’ என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வெப் அருமையான கருவி; 6.5 மீட்டர் கண்ணாடி, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று பார்க்கிறது. ஆனால் அது பார்ப்பது அகச்சிவப்பு. அதற்குப் புற ஊதா தெரியவே தெரியாது. ஹப்பிளின் இடத்தை அது நிரப்பவில்லை, வேறொரு இடத்தை நிரப்பியிருக்கிறது. அமெரிக்கா அடுத்துத் திட்டமிடும் பெரிய புற ஊதாத் தொலைநோக்கி 2040களில்தான் பறக்கும் என்கிறார்கள். இடையில் இஸ்ரேலும் அமெரிக்காவும் அனுப்ப இருப்பவை வானத்தை அகலமாக வலம் வந்து பார்க்கும் சிறிய தொலைநோக்கிகள். கூர்மை அவற்றின் குறிக்கோள் அல்ல. ஆக, 2030களில் கூர்மையான புற ஊதாக் கண் உலகத்திடமே அரிதாக இருக்கப்போகிறது. அந்த நேரத்தில் ஒரு மீட்டர் கண்ணாடி வைத்திருப்பவன் வீட்டு வாசலில் உலகமே வரிசையில் நிற்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2023இல் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. மகிழ்ச்சி. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதினால் அந்த ஆய்வகம் அதிர்வை உணரும்; வெளிநாட்டு ஆய்வகங்களுடன் சேர்ந்து, வானத்தின் எந்தப் பகுதி என்றும் சொல்லும். 2017 ஆகஸ்டில் அப்படி ஒரு மோதலைப் பார்த்தபோது, முதல் நாளில் அது நீலமாகவும் புற ஊதாவிலும் ஒளிர்ந்தது. பிறகு மளமளவென்று சிவந்து மங்கியது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்ற செய்தியில் ஒரு பகுதி அந்த முதல் சில மணி நேர ஒளியில் இருக்கிறது. காதுக்கு 2,600 கோடி கொடுத்துவிட்டுக் கண்ணுக்கு யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். பள்ளியில் கூரை ஒழுகுகிறது, சோதனைக் கூடத்தில் நல்ல லென்ஸ் இல்லை, தொலைநோக்கி எதற்கு என்பது ஒன்று. கூரை ஒழுகும் வகுப்பில் நின்று ஒளிவிலகல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தொலைநோக்கிக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணம் எங்கள் சோதனைக் கூடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. இரண்டும் வேறு வேறு பெட்டி. கூரைக்குச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அதற்காக இதை நிறுத்தாதீர்கள்.

பிற நாட்டுத் தொலைநோக்கியில் பங்கு வாங்கினால் போதாதா என்பது இன்னொன்று. கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கூட்டுறவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யு.வி.ஐ.டி.யிலும் கனடா இருந்தது. ஆனால் பங்காளியாக மட்டும் இருப்பதன் விலையை முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் பார்த்துவிட்டோம். 2014இல் பத்தில் ஒரு பங்குக்கு இந்தியா சேர்ந்தது. மௌனா கேயா மலையைப் புனிதமாகக் கருதும் ஹவாய்ப் பூர்வகுடி மக்களின் எதிர்ப்பால் 2015இல் கட்டுமானம் நின்றது. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். விஷயம் அதுவல்ல. அங்கே எப்போது என்ன நடக்கும் என்பதில் நமக்குப் பெரிய குரல் இல்லை. 650 கிலோமீட்டர் உயரத்தில் அந்தச் சிக்கல் கிடையாது.

தோற்றுவிட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது. தோற்கலாம். 2025 மே மாதம் நம்பகமான பி.எஸ்.எல்.வி.யே மூன்றாம் கட்டத்தில் தடுமாறிச் செயற்கைக்கோளை இழந்தது. ஜப்பான் 2016 பிப்ரவரியில் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அனுப்பியது. அடுத்த மாதமே கட்டுப்பாட்டுப் பிழையால் அது தாறுமாறாகச் சுழன்று உடைந்தது. அவர்கள் துக்கம் கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை. அதே ஆய்வுக்காக எக்ஸ்ரிஸம் என்ற கலத்தைக் கட்டி 2023 செப்டம்பரில் அனுப்பிவிட்டார்கள். நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 1975இல் நம் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டாவிலேயே எக்ஸ் கதிர் வானியல் கருவி இருந்தது. சில நாளிலேயே மின்சாரம் தடைபட்டு நின்றது. அங்கிருந்து அஸ்ட்ரோசாட்டுக்கு வர நாற்பது ஆண்டு. எக்ஸ்போசாட், ஆதித்யா எல்-1 என்று இப்போது வேகம் பிடித்திருக்கிறது. சூரியனைப் பார்க்கும் ஆதித்யாவின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம்.

இந்தியாவிடம் இல்லாதது திறமை அல்ல, தொடர்ச்சி. புற ஊதாக் கண்ணாடிக்குப் பூச்சு பூசவும், தூசில்லா அறையில் அதைப் பொருத்தவும், ஒளித்துகள் எண்ணும் உணரியை அளவுதிருத்தவும் பெங்களூரை அடுத்த ஹொசக்கோட்டையில் ஆட்கள் பழகியிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் புத்தகத்தில் இருப்பதில்லை, கையில் இருக்கிறது. யு.வி.ஐ.டி.யைக் கட்டியவர்களில் பலர் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள இளையவர்களுக்கு ஒரு நிஜமான கண்ணாடி வேண்டும். முன்மொழிவை வைத்துக்கொண்டு யாரும் பூச்சு பூசக் கற்க முடியாது.

அஸ்ட்ரோசாட்டுக்கு அனுமதியிலிருந்து ஏவுதல் வரை பத்து ஆண்டுக்கு மேல் பிடித்தது. இன்று முடிவெடுத்தாலும் ஒரு மீட்டர் தொலைநோக்கி மேலே போகும்போது இப்போது பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும். அஸ்ட்ரோசாட்டின் தரவுகள், பார்த்தவர்களுக்கான காலம் முடிந்ததும், எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. திருப்பத்தூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி கணினியில் இறக்கி ஆராயலாம். புதியதிலும் அந்த ஏற்பாடு இருக்க வேண்டும். திட்டத்தின் ஒரு சிறு பங்கு மாநிலக் கல்லூரிகளில் தரவு அலசக் கற்றுக்கொடுக்கப் போக வேண்டும் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேரில் யாராவது ஒருவர், எந்தக் கட்சியானாலும் சரி, விண்வெளித் துறையிடம் எழுத்துபூர்வமாக ஒரு கேள்வி போடலாம். மாதிரி இதோ: இன்சிஸ்ட் புற ஊதாத் தொலைநோக்கிக்கான தொடக்க ஆய்வின் அறிக்கை எப்போது கிடைத்தது? அதன்மேல் துறை எடுத்த முடிவு என்ன? முடிவு எடுக்கவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் எடுக்கப்படும்?